எழுதிய கொடி

காகிதம் விலை ஏறிய ஆண்டு அது.
மிடல்பர்க் நகரத்து மீன் வியாபாரி லீவன் டெ பாவ்
புதிதாய்ப் பணம் கொடுத்து வாங்கிய குலச்சின்னத்தை
ஏதோ ஒரு பழைய தாளின் முதுகில் வரையச் சொன்னான்.
கோட்டை ஒன்று, ஹெர்ரிங் மீன் மூன்று,
நாக்கை நீட்டும் சிங்கம் ஒன்று.
எழுபத்திரண்டு சூப்புத் தட்டுகள்,
எல்லாம் தாளில் கண்டபடியே,
ஒரு கோடு குறையக் கூடாது.

எட்டு மாதம் கழித்துக் கான்டனில்
மாக் யுக்-சோய் அந்தத் தாளை விரித்தான்.
கூலிகளின் தோளில் மலை தாண்டி வந்த
வெள்ளைத் தட்டுகள் வைக்கோலுக்குள் கிடந்தன.
கோட்டை சரி.
மீனும் சரி, ஆற்றில் இதைவிட நல்ல மீன் உண்டு.
சிங்கத்தைத்தான் இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தான்.
"பட்டினி கிடந்த நாய்" என்றான்
பக்கத்து மேசை ஃபூன், ரோஜா வண்ணம் அரைத்தபடி.

பிறகு கண்ணில் பட்டது அது.
சின்னத்தைச் சுற்றி, தாளின் உடம்புக்குள்ளிருந்து
கசிந்து மேலேறியதுபோல்
பழுப்பில் ஒரு மெல்லிய கொடி.
சுருண்டு, நிமிர்ந்து, ஓரிடத்தில் தன்னையே பின்னி
பூக்காமல் பாதியில் நின்றுவிடும் கொடி.
இந்தச் செம்முடியர்களிடம் இப்படி ஒரு கையா!
அதற்கென்றே
மூன்று மயிரில் ஒரு தூரிகை கட்டினான்.
தட்டின் குழியில் வட்டமாய் எழுதினான்.

எழுதினான் என்றால் நம் மொழியில்
வரைந்தான் என்றும் பொருள்.
அவன் செய்தது இரண்டும்.
தெரிந்து செய்தது ஒன்று.

நாற்பதாவது தட்டில் கைக்கு மனப்பாடம்.
அறுபதாவதில் ஒரு சுழிப்பை
அழகுக்காகக் கொஞ்சம் நீட்டினான்.
வெட்கப்பட்டு அடுத்ததில் குறைத்துக்கொண்டான்.
கூலி கொடுத்தது சிங்கத்துக்கு.
கொடி இனாம்.

தேயிலைப் பெட்டிகளுக்கு அடியில் தட்டுகள் கடலேறின.

ஜனவரி. மிடல்பர்க். விலாங்கு மீன் சூப்.
பன்னிரண்டு விருந்தினர்.
சிங்கத்தைப் பார்த்து இருமுவதுபோல் சிரித்துக்கொண்டார்கள்.
வீட்டுக்காரி பெட்ரோனெல்லா அதிகம் குடிப்பதில்லை.
அவள் தட்டுதான் முதலில் காலியானது.
பணிப்பெண் வெள்ளிக் காப்பிக் குடுவையைக்
கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.
காலையில்தான் துலக்கியது.
அதன் வயிற்றில் தட்டு தெரிந்தது.
தட்டில் கொடி தெரிந்தது.
கொடி இடம் வலம் மாறிப் படுத்து
கணவனின் கையெழுத்தாக எழுந்து உட்கார்ந்தது:

*யாகமினா, மாதம் ஆறு கில்டர் தவறாமல் வரும்.
பையனுக்கு என் மூக்கு என்கிறாய், நான் வந்து*

அவ்வளவுதான்.
அனுப்பாமல் பாதியில் விட்ட கடிதம்.
தலையெழுத்து தலையில் இருக்குமாம்.
அவளுடையது எழுபத்திரண்டு பிரதியாக
அலமாரி கொள்ளாமல் இருந்தது.

மேசை நெடுகப் பார்த்தாள்.
மீன் தலைகளுக்கும் லீக் தண்டுகளுக்கும் இடையே
மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது கொடி.
மதகுரு ரொட்டித் துண்டால்
அடி வரைக்கும் வழித்துச் சாப்பிடுகிறவர்.

எழுந்தாள்.
பணிப்பெண்ணிடமிருந்து கரண்டியைத் தானே வாங்கினாள்.
"இன்னும் கொஞ்சம், ஐயா. குளிர் நாள்."
ஒவ்வொரு தட்டையும் கழுத்து வரை நிரப்பினாள்.
வேண்டாம் என்றவர்களுக்கும் ஊற்றினாள்.
மேசையின் தலைமாட்டில்
கணவன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.
அவனுக்கு மட்டும் ஊற்றவில்லை.
வெள்ளிக் குடுவையைத் தூக்கி வந்து
அவனது காலித் தட்டுக்கு எதிரே வைத்தாள்,
ஒரு விரலால் சற்றே திருப்பி,
வெளிச்சம் படும்படி.

அந்த ஆண்டுப் பருவக்காற்றில் கான்டனுக்கு
வேறு கப்பல்கள், வேறு தாள்கள் வந்தன.
யுக்-சோய் ஒவ்வொன்றையும் விளக்குக்கு எதிரே பிடித்தான்.
"அந்தக் கொடி போட்ட ஆள்
வேறு எதுவும் அனுப்பவில்லையா?"

ஃபூன் கட்டைப் புரட்டினான்.
சிங்கம், சிங்கம், ஒரு கரடி,
மறுபடி சிங்கம்.